எமர்ஜென்சில பேஷண்ட் கைநீட்டினா என்ன பண்றது? புதுசா டியூட்டிக்கு வர்றவங்களுக்கு

எமர்ஜென்சிக்கு புதுசா வர்ற டாக்டர், நர்ஸ், டெக்னீசியன், ஆம்புலன்ஸ் ஸ்டாஃப் எல்லாருக்கும் ஐவி போடறது, ஈசிஜி எடுக்கறது, சிபிஆர் பண்றது எல்லாம் உக்கார வச்சு சொல்லித் தந்துடுவாங்க. ஆனா ஒரு பேஷண்ட் ட்ரிப் ஸ்டாண்டை உருவிட்டு எதிர்ல வந்து நின்னா என்ன பண்ணணும்னு நிறைய எடத்துல யாரும் சொல்றதே இல்ல, அது நடக்கறப்பதான் தெரியவரும், அப்ப யோசிக்க நேரம் இருக்காது. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி மருத்துவ வேலைல இருக்கறவங்கள்ல 8 முதல் 38 சதவீதம் பேர் சர்வீஸ்ல எப்பவாவது அடி வாங்கியிருக்காங்க, திட்டும் மிரட்டலும் இதுல சேராது. அதனால நமக்கெல்லாம் நடக்காதுன்னு நெனைக்காதீங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான், கீழ எழுதியிருக்கற எல்லாமே அதுல இருந்து வர்றதுதான். எமர்ஜென்சில ஒருத்தர் அடிக்க வந்தா, வேற காரணம் தெரியற வரைக்கும் அதையும் ஜுரம், மூச்சுத்திணறல் மாதிரி ஒரு சிம்ப்டமாத்தான் பாக்கணும். "குடிச்சிட்டு வந்து ரகளை பண்றான்"னு நர்ஸிங் ஸ்டேஷன்ல ஒருத்தர் சொன்னதும் எல்லாரும் அதையே நம்பிடறோம், அந்த ஆளுக்கு சுகர் 35 இருக்கும், இல்ல தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிட்டு இருக்கும். அதுக்காக அடி வாங்கிட்டு நில்லுங்கன்னு சொல்லல. உங்க உசுரு மொதல்ல, அப்புறம் கூட இருக்கற ஸ்டாஃப், பக்கத்து பெட் பேஷண்ட், அதுக்கப்புறம்தான் இவரு. இந்த வரிசைய மாத்தாதீங்க.

ஷிஃப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

உங்க மேல என்னென்ன தொங்குதுன்னு பாருங்க. ஸ்டெத்தை கழுத்துல மாலை மாதிரி போட்டுட்டு போகாதீங்க, ரெண்டு முனையையும் சேத்துப் புடிச்சு இழுத்தா மூச்சு நின்னுடும், பாக்கெட்ல வைங்க. ஐடி கார்டு கயிறு இழுத்தா கழண்டுக்கற டைப்பா இருக்கணும். முடிய கொண்டையா கட்டுங்க, பெரிய வளையம் போட்ட கம்மல் வேணாம், மேல் பாக்கெட்ல கத்தரிக்கோல் வேணாம்.

அப்புறம் ரூமைப் பாருங்க. கதவு எந்தப் பக்கம், பேனிக் பட்டன் எங்க, செக்யூரிட்டி வர எவ்ளோ நேரம் ஆகும், ராத்திரி ஷிஃப்ட்ல எத்தன பேர் இருப்பாங்க, இதெல்லாம் தெரியாம வேலைய ஆரம்பிக்காதீங்க. எரிச்சலா இருக்கற பேஷண்ட்டை உக்கார வைக்கப் போற ரூம்ல இருந்து ஆக்ஸிஜன் சிலிண்டர், ட்ரிப் ஸ்டாண்டு, ஊசி போடற டப்பா, தூக்கி எறியற மாதிரி இருக்கற நாற்காலி எல்லாத்தையும் முன்னாடியே வெளிய எடுத்துடுங்க.

அறிகுறிய கவனிக்கறது

திடீர்னு அடிச்சிட்டாருன்னு எல்லாரும் சொல்வோம், ஆனா பெரும்பாலும் அது திடீர்னு நடக்கறதில்ல. கண்ணு சிமிட்டாம முறைக்கறது, குரல் ஏறறது, இல்லன்னா அதுவரைக்கும் கத்திட்டு இருந்தவர் சட்டுனு அமைதி ஆகறது, வாய்க்குள்ளயே முணுமுணுக்கறது, ஒரு எடத்துல நிக்காம குறுக்கும் நெடுக்கும் நடக்கறது, கைய மூடி மூடித் திறக்கறது, இதெல்லாம் முன்னாடியே வந்துடும். நடக்கறவர் நடந்துட்டு இருக்கறப்பயே போய்ப் பேசுங்க, நின்னு முறைக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் பேசறது ரொம்பக் கஷ்டம்.

கையில ஒரு அளவுகோல் வேணும்னா ப்ரோசெட் செக்லிஸ்ட்னு ஒண்ணு இருக்கு, நார்வேல இருந்து வந்தது, ரொம்ப சிம்பிள். குழப்பம், எரிச்சல், கூச்சல், வாயால மிரட்டறது, உடம்பால மிரட்டறது, பொருளை உடைக்கறது, இந்த ஆறுல ஒவ்வொண்ணுக்கும் 1 மார்க். 3 இல்ல அதுக்கு மேல வந்தா அடுத்த 24 மணி நேரத்துல கைநீட்ட வாய்ப்பு அதிகம்னு எடுத்துக்கிட்டு ஆளைத் தயார் பண்ணணும், 1 இல்ல 2 வந்தாலும் கண்ணு வச்சுக்கணும். மார்க்கை விட முக்கியம், பக்கத்துல இருக்கறவங்க கிட்ட வாய்விட்டு சொல்றது. "மூணாவது பெட்ல இருக்கறவர் ஏறிட்டே போறாரு, நான் போறேன், நீங்க கதவுகிட்ட நில்லுங்க"ன்னு சொல்லிட்டுப் போங்க. தனியா மட்டும் போகாதீங்க, அவர் எவ்ளோ ஒல்லியா இருந்தாலும் சரி, எவ்ளோ வயசானவரா இருந்தாலும் சரி.

பக்கத்துல போறது

ரெண்டு கை நீளம் தள்ளி நில்லுங்க. நேருக்கு நேரா நிக்காம கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பி நில்லுங்க, அப்ப மிரட்டற மாதிரியும் இருக்காது, அடி வந்தா விலகறதும் சுலபம். ரெண்டு கையும் அவருக்குத் தெரியணும், கட்டிக்கறது, பாக்கெட்ல விடறது, இடுப்புல வைக்கறது எதுவும் வேணாம். கதவுக்கும் உங்களுக்கும் நடுவுல அவர் நிக்கற மாதிரி வச்சுக்காதீங்க, அதே மாதிரி அவருக்கு கதவை நீங்களும் அடைச்சுக்கிட்டு நிக்காதீங்க, வழி இல்லைன்னு தோணறவர்தான் பாய்வார். பின்னாடி இருந்து யாரும் அவரைத் தொடக்கூடாது.

பேசறது

இதத்தான் நான் கொஞ்சம் நிறுத்தி சொல்லணும், ஏன்னா புதுசா வர்றவங்க இதை ஒரு சம்பிரதாயம் மாதிரி நெனச்சு ரெண்டு வரி பேசிட்டு "கேக்க மாட்டேங்கறாரு, கட்டிடலாம்"னு முடிவுக்குப் போயிடறாங்க. அமெரிக்க எமர்ஜென்சி மனநல மருத்துவர்கள் சங்கம் ப்ராஜெக்ட் பீட்டான்னு 2012-ல ஒரு வழிகாட்டுதல் போட்டாங்க, அதுல சொல்றது என்னன்னா ஒழுங்காப் பேசினா நிறைய நேரம் 5 நிமிஷத்துக்குள்ளயே ஆளை எறக்கிடலாம், ஆனா ஒரே விஷயத்தை ஒரு டஜன் தடவை கூட திருப்பித் திருப்பி சொல்ல வேண்டி வரும். கட்டிப் போட்டு ஊசி போட்டு அப்புறம் மணிக்கணக்கா பக்கத்துல நின்னு பாத்துக்கற வேலையோட ஒப்பிட்டா அந்த 5 நிமிஷம் ஒண்ணுமே இல்ல.

ஒரு ஆள் மட்டும் பேசணும். இது ரொம்ப முக்கியம். டாக்டர் ஒண்ணு சொல்ல, நர்ஸ் ஒண்ணு சொல்ல, செக்யூரிட்டி "ஏய் உக்காரு"ங்க, கூட வந்த மச்சான் அழ, அந்த ஆளு மண்டைக்குள்ள என்ன போகும். யார் பேசறதுன்னு முடிவு பண்ணிட்டா மத்தவங்க வாயத் திறக்காம நில்லுங்க. பெரிய டாக்டர்தான் பேசணும்னு இல்ல, அவரு யார் சொன்னா காது குடுக்கறாரோ அவங்க பேசலாம், சில நேரம் அது ஸ்ட்ரெச்சர் தள்ளற அண்ணனா இருக்கும்.

பேரைச் சொல்லுங்க, யாருன்னு சொல்லுங்க, சின்னச் சின்ன வாக்கியமா சொல்லுங்க. "ஐயா, நான் இங்க நர்ஸ். உங்களைப் பாத்துக்கத்தான் வந்திருக்கேன். உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" பதில் வர்ற வரைக்கும் நிறுத்துங்க. கோவத்துல இருக்கற மூளைக்கு ஒரு வரி உள்ள போக நேரம் ஆகும், அதுக்குள்ள அடுத்த மூணு வரிய கொட்டினா மொத வரியும் போச்சு. வயசுக்குத் தகுந்த மாதிரி அண்ணே, அம்மா, தம்பின்னு கூப்பிடலாம், ஆனா தம்பின்னு கூப்பிட்டுட்டு "டா" போட்டுப் பேசினா அங்கேயே முடிஞ்சது. அவரு ஒருமைல திட்டினாலும் நீங்க மரியாதைய விடாதீங்க.

அப்புறம் அவருக்கு என்ன வேணும்னு கேளுங்க. நிஜமாவே கேளுங்க. பல நேரம் ரொம்பச் சின்ன விஷயமா இருக்கும், தண்ணி, ஃபோன், பாத்ரூம், நாலு மணி நேரமா யாரும் வந்து ஒண்ணும் சொல்லலைங்கற கோவம், வலி. குடுக்க முடிஞ்சதை உடனே குடுங்க. அவர் சொல்றதுல ஒத்துக்க முடிஞ்சதை ஒத்துக்கோங்க. "நாலு மணி நேரம் காக்க வச்சது தப்புதான், யாரா இருந்தாலும் கோவம் வரும்"னு சொல்றதுல உங்களுக்கு ஒண்ணும் கொறஞ்சு போகாது. சுவத்துல பாம்பு தெரியுதுன்னு சொல்றவர்கிட்ட "எனக்குத் தெரியல, ஆனா உங்களுக்குத் தெரியறப்ப பயமாத்தான் இருக்கும்"னு சொல்லுங்க, இருக்குன்னும் சொல்லாதீங்க, பைத்தியம் மாதிரி பேசாதீங்கன்னும் சொல்லாதீங்க.

எல்லை எதுன்னும் சொல்லணும், ஆனா மிரட்டலா இல்ல. "கத்துங்க, கேக்கறேன். கை மட்டும் ஓங்காதீங்க, ஓங்கினா நான் வெளிய போயி ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும்." சொன்னதை செய்யணும், செய்யாததை சொல்லக்கூடாது. வீட்டுக்கு அனுப்பிடறேன், ஊசியே கிடையாதுன்னு பொய் சொல்லி படுக்க வைக்கற பழக்கம் சில பேருக்கு இருக்கு, தயவு செஞ்சு அதைக் கத்துக்காதீங்க, அடுத்த தடவ அவர் எந்த ஆஸ்பத்திரி ஸ்டாஃபையும் நம்ப மாட்டார், அந்தக் கோவம் நம்மள மாதிரி இன்னொருத்தர் மேல எறங்கும். பொய்க்கு பதிலா ரெண்டு வழி குடுங்க, ரெண்டும் உங்களுக்கு சரிப்பட்டு வர்றதா இருக்கட்டும். "மாத்திரையா எடுத்துக்கறீங்களா, ஊசியா?" "பெட்ல உக்காந்துக்கறீங்களா, நாற்காலில உக்காந்துக்கறீங்களா?" வாய்ல போடற மாத்திரைக்கு ஒத்துக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

ஒருத்தர் பேசறப்ப இன்னொருத்தர் காரணத்தைத் தேடணும்

மொத வேலை சுகர். 70-க்குக் கீழ இருந்தா உடனே ஐவில டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்), லைன் போட விடலைன்னா சுகரை ஏத்தற குளூக்ககான் ஊசி 1 மி.கி. தசையில. சுகர் ஏறினதும் அதே ஆளு "நான் எங்க இருக்கேன்"னு கேப்பாரு. அடுத்தது ஆக்ஸிஜன் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்ளோ இருக்குங்கற அளவு. மூச்சு போதாம தவிக்கறவர் மாஸ்க்கைப் புடுங்கி எறிவார், அதை அடம்னு நெனச்சு தூக்க ஊசி போட்டா மூச்சே நின்னுடும். அப்புறம் ஜுரம், பல்ஸ், பிபி, கண்ணுப் பாப்பா, தலைல அடி இருக்கா, பேச்சு குழறுதா, கழுத்து விறைப்பா இருக்கா.

வலிப்பு வந்து முடிஞ்ச உடனே தொடற யாரையும் தள்ளுவாங்க, அவங்களுக்கே அது தெரியாது, கொஞ்சம் தள்ளி நின்னு கீழ விழாம மட்டும் பாத்துக்கிட்டா தானா தெளியும். தெனமும் குடிக்கறவர் குடிய நிறுத்தி 2-ல இருந்து 4 நாளுக்குள்ள கை நடுங்கி, வேர்த்து, இல்லாத பூச்சியத் தட்டி விட்டுட்டு இருந்தா அது டெலிரியம் ட்ரெமன்ஸ், உசுருக்கே ஆபத்து, போதை தெளியட்டும்னு மூலைல படுக்க வைக்கற கேஸ் இல்ல. வயசானவங்க ராத்திரி திடீர்னு அடிக்க ஆரம்பிச்சா அடிவயித்தைத் தொட்டுப் பாருங்க, மூத்திரம் அடைச்சு கல்லு மாதிரி இருக்கும், கதீட்டர் போட்டதும் கொழந்தை மாதிரி தூங்குவாங்க. இதுக்கு முன்னாடி மனநலப் பிரச்சன எதுவும் இல்லாதவருக்கு 45 வயசுக்கு மேல புதுசா இப்படி ஆச்சுன்னா, காதுல குரல் கேக்கறதை விட கண்ணுல உருவம் தெரியுதுன்னா, காலைல தெளிவு சாயங்காலம் குழப்பம்னு மாறி மாறி இருந்தா, உடம்புலதான் காரணம் இருக்குன்னு எடுத்துக்கிட்டு தேடுங்க.

கட்டித்தான் ஆகணும்னா

பேச்சு எடுபடல, தன்னையோ மத்தவங்களையோ காயப்படுத்தற நெலமைல இருக்காரு, அப்ப மட்டும். தொந்தரவா இருக்காரு, திட்டறாரு, பாடம் புகட்டணும்ங்கறதுக்காகக் கட்டக்கூடாது. யார் ஆர்டர் போடணும், எவ்ளோ நேரம் வைக்கலாம்ங்கறதுக்கு உங்க நாட்டுச் சட்டமும் ஆஸ்பத்திரி புரோட்டோகாலும் இருக்கும், அதைப் படிச்சு வச்சுக்கோங்க.

கொறஞ்சது 5 பேர் வேணும், ஒவ்வொரு கை காலுக்கும் ஒருத்தர், தலைப் பக்கம் ஒருத்தர். தலைப் பக்கம் இருக்கறவர்தான் லீடர், அவர்தான் பேசுவார், அவர் சொன்னாத்தான் எல்லாரும் ஒரே நேரத்துல போகணும். யார் எதைப் புடிக்கறதுன்னு ரூமுக்கு வெளியவே பேசி முடிச்சுடுங்க. கிளவுஸ், மாஸ்க், கண்ணாடி போட்டுக்கோங்க. அஞ்சு பேர் சேந்து உள்ள வர்றதைப் பாத்தே சில பேர் அமைதியாயிடுவாங்க, அதுக்கு ஒரு வாய்ப்பு குடுங்க. முட்டிக்கும் முழங்கைக்கும் பக்கத்துல புடிங்க, முறுக்காதீங்க.

மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும், தலைப் பக்கம் 30 டிகிரி ஒசத்தி. குப்புறப் போடவே கூடாது. முதுகுல முட்டிய வைக்கறது, நெஞ்சு மேல உக்கார்றது, கழுத்தை அழுத்தறது, கையையும் காலையும் பின்னாடி சேத்துக் கட்டறது, மூஞ்சில தலகாணியோ துணியோ போடறது எதுவுமே கூடாது. "மூச்சு விட முடியல"ன்னு அவர் சொன்னா நடிப்புன்னு எடுத்துக்காதீங்க, பேச முடிஞ்சா மூச்சு நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, உடனே அழுத்தத்தை எடுத்துட்டுப் பாருங்க. ரொம்ப நேரம் மல்லுக்கட்டினவருக்கு ரத்தத்துல அமிலம் ஏறியிருக்கும், அதை அவரு வேகமா மூச்சு விட்டுத்தான் சரி பண்ணிட்டு இருப்பாரு, அந்த மூச்சை நீங்க அடைச்சா இதயம் நின்னுடும். திமிறிட்டு இருந்தவர் சட்டுனு அடங்கினா நிம்மதியா மூச்சு விடாதீங்க, மொதல்ல அவர் மூச்சு விடறாரான்னு பாருங்க.

ஒரு கை மேல, ஒரு கை கீழன்னு கட்டுங்க, அப்ப எழுந்து உக்கார பலம் கிடைக்காது. சைடு ரெயில்ல கட்டாம கட்டிலோட ஃப்ரேம்ல கட்டுங்க, ரெயிலை எறக்கினா கையும் சேந்து இழுபடும். இழுத்தா அவுர்ற முடிச்சு போடுங்க, பட்டைக்கும் தோலுக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும். கர்ப்பிணியா இருந்தா இடது பக்கமா சாய்ச்சு வைக்கணும். துப்பறவங்களுக்கு வாயப் பொத்தாதீங்க, நீங்க முகக்கவசம் போடுங்க, இல்லன்னா அவருக்கு சர்ஜிக்கல் மாஸ்க் போட்டு பக்கத்துலயே இருங்க, வாந்தி எடுத்தா அந்த நொடியே கழட்டணும்.

ஊசி

ஆர்டர் டாக்டரோடது, ஆனா என்ன போடறோம்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். பெரியவங்களுக்கு வழக்கமா தசையில மிடாசோலம் 5 மி.கி., இல்ல லோரசிபாம் 2 மி.கி., இல்ல ஹாலோபெரிடால் 5 மி.கி., இல்ல ஓலான்சபின் 10 மி.கி. போடுவாங்க. ஹாலோபெரிடாலைத் தனியா போடறதை விட ப்ரோமெத்தசின் சேத்துப் போடறது நல்லது, கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கற தொல்லை கொறையும். மிடாசோலம் சீக்கிரம் வேலை செய்யும், ஹாலோபெரிடாலுக்கு 20, 30 நிமிஷம் ஆகும், அதுக்குள்ள வேலை செய்யலன்னு மேல மேல போடாதீங்க. ஓலான்சபின் ஊசியையும் மிடாசோலம், லோரசிபாம் வகை ஊசியையும் ஒண்ணா போடக்கூடாது, பிபியும் மூச்சும் விழும். நல்லா குடிச்சிருக்கறவருக்கு மிடாசோலம், லோரசிபாம் மாதிரி பென்சோ வகை மூச்சை அமுக்கும், ஹாலோபெரிடால் பக்கம் போவாங்க, ஆனா குடிய நிறுத்தினதால வந்த நடுக்கத்துக்கு பென்சோதான் மருந்து. இந்த ரெண்டையும் மாத்தி யோசிச்சா விபரீதம். வயசானவங்களுக்கு ஹாலோபெரிடால் அரை மி.கி.ல இருந்துதான் ஆரம்பிக்கணும். ஈசிஜில க்யூடிங்கற இடைவெளி நீளமா இருக்கான்னு முடிஞ்சப்ப பாருங்க.

கெட்டமைன்ங்கற மயக்க மருந்து 3, 5 நிமிஷத்துல ஆளை எறக்கிடும், அதனாலயே அது மேல ஒரு ஆசை வரும். 2019-ல அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் அரோரால எலைஜா மெக்லெய்ன்னு 23 வயசுப் பையனை போலீஸ் மடக்கிப் புடிச்சு கழுத்தை அழுத்தினதுக்கு அப்புறம் பாராமெடிக்குங்க வந்து 500 மி.கி. கெட்டமைன் போட்டாங்க. அவன் வெயிட்டு சுமார் 65 கிலோதான், அந்த வெயிட்டுக்கு அது ரொம்பவே அதிகம். ஹார்ட் நின்னு சில நாள்ல எறந்துட்டான். 2023-ல ரெண்டு பாராமெடிக்குங்களை கோர்ட் குத்தவாளின்னு சொல்லிச்சு. அதுல எனக்கு மனசைப் போட்டு அறுக்கறது டோஸ் மட்டும் இல்ல, ஊசி போடறதுக்கு முன்னாடி யாரும் அவனைத் தொட்டு ஒரு பரிசோதனை கூட பண்ணல. அங்க அவனுக்குப் போட்ட லேபிள் எக்சைட்டட் டெலிரியம், அதாவது வெறி புடிச்ச மாதிரி கட்டுக்கடங்காத குழப்பம். அமெரிக்க எமர்ஜென்சி டாக்டர்கள் சங்கம் அந்தப் பேரை ஆதரிச்ச தன்னோட 2009 அறிக்கைய 2023-ல வாபஸ் வாங்கிடுச்சு. அந்த வார்த்தை உங்க ரெக்கார்டுல வரவே வேணாம்.

ஊசி போட்ட நிமிஷத்துல இருந்து ஒருத்தர் பக்கத்துலயே இருக்கணும். சாச்சுரேஷன் ப்ரோப், மானிட்டர், கேப்னோகிராஃபி (வெளிவிடற மூச்சுல கார்பன் டை ஆக்ஸைடை அளக்கறது) இருந்தா அதுவும், வாய்ல தேங்கறதை உறிஞ்சற சக்ஷன், கையால அமுக்கி மூச்சு குடுக்கற ஆம்பு பேக் கைக்கெட்டற தூரத்துல. 15 நிமிஷத்துக்கு ஒரு தடவ விரல் நுனி சூடா இருக்கா, நிறம் மாறியிருக்கா, தண்ணி வேணுமா, மூத்திரம் வருதான்னு பாருங்க. அவுக்கறப்ப ஒவ்வொண்ணா அவுத்து எதிரெதிரா ஒரு கை ஒரு கால் மிச்சம் வச்சு, அப்புறம் அந்த ரெண்டையும் ஒண்ணா அவுக்கணும், ஒத்தக் கையை மட்டும் கட்டி விட்டுட்டுப் போகக்கூடாது.

கத்தி, ஆம்புலன்ஸ், புடிச்சுக்கிட்டா

கையில ஆயுதம் பாத்தா அது உங்க வேலையே இல்ல. கைல வாங்கவும் கேக்காதீங்க, "கீழ வச்சிடுங்க"ன்னு சொல்லிட்டே பின்வாங்கி வெளிய போங்க, மத்த பேஷண்ட்டுகளை நகத்துங்க, போலீஸைக் கூப்பிடுங்க. ஆம்புலன்ஸ்ல போறவங்க, சம்பவ எடத்துல சண்டைன்னு தகவல் வந்திருந்தா போலீஸ் வர்ற வரைக்கும் தள்ளி நிறுத்துங்க, வண்டிய வெளிய போற பக்கமா திருப்பி நிறுத்துங்க, கதவுக்கு நேரா நின்னு தட்டாதீங்க, பக்கவாட்டுல நில்லுங்க. விலங்கு போட்ட ஆளை ஏத்தினா சாவி வச்சிருக்கற போலீஸ்காரர் கூடவே வரணும், சாவி வேற வண்டில வரக்கூடாது.

மணிக்கட்டைப் புடிச்சா அவர் கட்டைவிரல் இருக்கற பக்கமா திருப்பி இழுங்க, பிடி அங்கதான் பலவீனம். முடியப் புடிச்சா அவர் கையை உங்க தலையோட சேத்து அமுக்கிட்டு சத்தம் போடுங்க. கடிச்சா இழுக்காதீங்க, சதை பிஞ்சுடும், உள்பக்கமா தள்ளுங்க, வாய் திறக்கும்.

எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம்

ரெக்கார்டுல "ரகளை செய்தார்"னு எழுதாதீங்க. அவர் சொன்ன வார்த்தைய அப்படியே எழுதுங்க, என்ன செஞ்சாருன்னு எழுதுங்க, நீங்க மொதல்ல என்னென்ன முயற்சி பண்ணீங்க, எத்தன மணிக்குக் கட்டினீங்க, எத்தன மணிக்கு அவுத்தீங்க, நடுவுல பாத்த பிபி, சாச்சுரேஷன், சுகர் எல்லாம் வரணும். அடிபட்ட ஸ்டாஃப் "பரவால்ல சார்"னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போகக்கூடாது, அதே ஷிஃப்ட்ல பரிசோதனை, அதே ஷிஃப்ட்ல இன்சிடெண்ட் ரிப்போர்ட். ஊசி குத்திடுச்சு, கடிச்சு ரத்தம் வந்துடுச்சுன்னா சோப்பு தண்ணில கழுவிட்டு உடனே சொல்லுங்க, ஹெச்ஐவி தடுப்பு மருந்தை முடிஞ்ச வரைக்கும் அந்த சில மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி கணக்கையும் அப்பவே பாருங்க.

பேஷண்ட் தெளிஞ்சதும் யாராவது ஒருத்தர், முடிஞ்சா மொதல்ல பேசினவரே, போய் உக்காந்து என்ன நடந்துச்சு, ஏன் கட்ட வேண்டி வந்துச்சுன்னு சொல்லணும். அவருக்கு பாதி ஞாபகம் இருக்காது, வெக்கமாவும் பயமாவும் இருக்கும். அடுத்த தடவ இப்படி ஆகறதுக்கு முன்னாடி என்ன பண்ணா உங்களுக்கு உதவியா இருக்கும்னு கேளுங்க, சில பேர் ரொம்பத் தெளிவா சொல்வாங்க, லைட்டை அணைங்க, எங்க அக்காவைக் கூப்பிடுங்க, பின்னாடி இருந்து வராதீங்கன்னு. அதை கேஸ் ஷீட்டோட மொத பக்கத்துல எழுதி வச்சு, ஷிஃப்ட் மாத்தறப்ப அடுத்து வர்றவங்க கிட்ட வாய்லயும் சொல்லிட்டுப் போங்க.